கோயில் வேனும் ஒரு மன்னிப்பும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாகக் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏன் என்றால், சித்ரா பௌர்ணமி முடிந்த அடுத்த வாரம் இதே பக்கத்தில் நாங்கள் போட்ட ஒரு பதிவைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. சும்மா அழித்துவிட்டுப் போகலாம். ஆனால் அது நியாயம் இல்லை. அதை அன்றைக்கு நிறைய பேர் படித்தார்கள், பகிர்ந்தார்கள். அதனால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறோம்.

நம் கோயில் வேனை எல்லாருக்கும் தெரியும். ஏழு பேர் உட்காரும் பழைய ஆட்டோ கியர் வேன். 1998-இல் செய்தது. ஒரு குடும்பம் காணிக்கையாகக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளாட்டுகளில் இருக்கும் வயதானவர்களை ஏற்றி வந்து, பூஜையும் அன்னதானமும் முடிந்ததும் வீட்டில் விடுவது அதன் முதல் வேலை. அது போக, பாசாருக்குப் போய் காய்கறி ஏற்றுவது, அரிசி மூட்டை, பாத்திரம், பந்தல் சாமான் என்று எல்லாம் அதில்தான். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடும்போது மூன்று நாள் நிற்காமல் ஓடும்.

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள், வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க நம் தொண்டர் தம்பி ஒருவர் வேனை எடுத்துக்கொண்டு போனார். வயது இருபத்திரண்டு. கிடங்கில் இராத்திரி வேலை. வேலை முடிந்து தூங்காமல் நேராகக் கோயிலுக்கு வந்து உதவி செய்யும் பிள்ளை. திரும்பி வரும் வழியில் வண்டி இழுக்கவில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஊர்ந்து ஊர்ந்துதான் போகிறது. மேம்பாலம் ஏறவே முடியவில்லை. ஒரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இரண்டு பட்டறைகளில் காட்டினோம். ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான். "கியர்பாக்ஸ் போச்சு, மாத்தணும், நாலாயிரம் வெள்ளிக்கு மேல ஆகும்."

அங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். கியர்பாக்ஸ் போச்சு என்றதும், யார் ஓட்டினது என்ற கேள்விதான் முதலில் வந்தது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, எல்லார் முன்னாலும், அம்மன் சந்நிதிக்கு நேராக வைத்து அந்தத் தம்பியைக் கேட்டோம். "என்னப்பா செஞ்ச வண்டிய? ரேஸ் ஓட்டுனியா?" அவர் ஒன்றுதான் சொன்னார்: "இல்லண்ணே, மீட்டர்ல ஒரு லைட்டு பிளிங்க் ஆச்சு, அதுக்கப்புறம்தான் இழுக்கல. எஞ்சின ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் நல்லா ஓடுது." நாங்கள் காதில் வாங்கவே இல்லை. சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முன் சீட்டில் எப்போதும் உட்கார்ந்து வரும் பாட்டி (முழங்கால் வலி, பின்னால் ஏற முடியாது) கொஞ்ச நாளாகவே, "வேன்ல மீன் வாடை அடிக்குதுய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் வண்டியில் மீன் வாடையா? யாரோ சொன்னார்கள், அந்தத் தம்பிதான் பாசாருக்குப் போகும்போது வீட்டுக்கு மீன் வாங்கி அதே வேனில் வைக்கிறார் என்று. பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பேச்சு பரவிவிட்டது. அதையும் கேட்டோம். அவர் முகம் சுருங்கிப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பதில் சொல்லவில்லை. சாவியைச் செயலாளர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை.

அந்த வாரம்தான் இந்தப் பக்கத்தில், "கவனக்குறைவாக ஓட்டியதால் கோயில் வேன் பழுதடைந்துள்ளது, பழுதுபார்ப்பு நிதிக்கு உதவுங்கள்" என்று எழுதினோம். பெயர் போடவில்லைதான். ஆனால் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

நிதி 1,860 வெள்ளி சேர்ந்தது. பாதிகூட இல்லை. வேன் கோயில் பின்பக்கம் வெயிலில் நின்றது. பாட்டிமார்கள் சிலர் டாக்சிக்குக் காசு கொடுத்து வந்தார்கள். சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனி மாதம் எங்களில் ஒருவர் ஒன்றைக் கவனித்தார். தொலைபேசி இலாகாவில் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேனை நகர்த்தி நிழலில் விடலாம் என்று எஞ்சினைப் போட்டார். எஞ்சின் சூடான பிறகு, ஓடவிட்டபடியே கியர் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் நல்ல சிவப்பு. கருகின வாசம் இல்லை. "கியர்பாக்ஸ் உள்ள தேஞ்சிருந்தா எண்ணெய் கறுத்து, தீஞ்ச வாடை அடிக்கும். இது அப்படி இல்லையே" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "தேஞ்சு போன கிளட்ச், சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எப்படிய்யா சரியாவும்?"

அப்போதுதான் அந்தத் தம்பி சொன்னது எங்களுக்கு ஞாபகம் வந்தது. யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறோம். இந்த மாதிரி ஆட்டோ வண்டியில் கியரை மாற்றச் சொல்வது ஒரு சின்னக் கணினிப் பெட்டி. வேகம் எவ்வளவு, பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்று பார்த்து, கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் சோலினாய்டு என்ற மின் வால்வுகளுக்கு மின்சாரம் கொடுக்கும், நிறுத்தும். எண்ணெய் அந்த வழியாகப் போய் கியர் மாறும். எங்கேயாவது மின்சுற்றில் கோளாறு என்று அந்தப் பெட்டிக்குத் தோன்றினால், கியர்பாக்ஸைக் காப்பாற்ற எல்லா வால்வுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது நம் வேன் மூன்றாவது கியரிலேயே நின்றுவிடும். மீட்டரில் விளக்கு மினுக்கும். வீடு போய்ச் சேர அது போதும், ஆனால் இழுக்காது. சாவியை அணைத்துப் போட்டால் பெட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கோளாறு திரும்பத் தெரியும் வரைக்கும் ஒழுங்காக ஓடும். அந்தத் தம்பி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

கேபிள் வேலை அண்ணன் வீட்டில் பழைய ஊசி மீட்டர் ஒன்று இருந்தது. இந்தக் காலத்து வண்டிக்கு ஸ்கேனர் வேண்டும். நம் வேன் வயசுக்கு ஊசி மீட்டர்தான் சரி. கையேட்டில் சொன்னபடி சோதனை பிளக்கில் மீட்டரை மாட்டினால், ஊசி நீளமாகவும் குட்டையாகவும் ஆடும். அதை எண்ணினால் கோளாறு எண் கிடைக்கும். மூன்று தடவை எண்ணினோம். கியர் மாற்றும் சோலினாய்டின் மின்சுற்று என்று வந்தது.

உடனே சோலினாய்டு கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டவில்லை. ஒரு தடவை அவசரப்பட்டது போதும். கியர்பாக்ஸ் பக்கம் பிளக்கைக் கழற்றி ஓம் அளந்தோம். இரண்டு சோலினாய்டும் 22 ஓம் பக்கம். கையேட்டில் இருக்கும் அளவும் அதுதான். பிறகு அந்த பிளக்கை மாட்டிவிட்டு, கணினிப் பெட்டியிலிருந்து வயரைக் கழற்றி அந்த முனையிலும் அளந்தோம். அங்கேயும் அதே 22. அப்படி என்றால் வால்வும் நல்லா இருக்கு, இடையில் ஓடும் வயரும் நல்லா இருக்கு. மிச்சம் இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? முன் சீட்டில் உட்காருபவர் கால் பக்கம், ஓரத்து பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால். பாட்டி உட்காரும் இடம்.

பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்து, அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். சோற்று டப்பா அளவுதான் இருக்கும். நாலு திருகாணி. மூடியைத் திறந்தோம்.

மீன் வாடை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உள்ளே சின்னச் சின்ன உருளையாக இருக்கும் கெப்பாசிட்டர்களில் மூன்று, அடியில் பழுப்பாக ஒழுகிக் காய்ந்திருந்தன. அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கும். வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு அடி ரப்பர் விட்டுப்போனால் அது கசியும். கசிந்தால் மீன் வாடை அடிக்கும். பலகையில் இருக்கும் செம்புக் கோடுகளையும் அரித்துத் தின்னும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நம் ஊர் வெயிலில் நின்ற வண்டி. அன்றைக்கு யார் ஓட்டியிருந்தாலும் அது நின்றுதான் இருக்கும்.

புடு பக்கம் ஜாலான் பாசாரில் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கே போய் புது கெப்பாசிட்டர் வாங்கினோம். மைக்ரோஃபாரட் அளவு பழசில் எழுதியிருந்தது போலவே இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவு, இல்லாவிட்டால் கூட இருக்கலாம், குறையக் கூடாது. சூடு தாங்கும் அளவு 105 டிகிரி என்று எழுதியிருப்பதாகப் பார்த்து எடுத்தோம். 85 டிகிரி வகை வண்டிக்குள் சீக்கிரம் காய்ந்துவிடும். எல்லாம் சேர்த்து 6 வெள்ளி 40 காசு. கடைத் தாவ்கே, "இவ்ளோதானா?" என்று சிரித்தார்.

வேலை நடந்தது ஒரு வியாழக்கிழமை இராத்திரி, அண்ணன் வீட்டு சமையலறை மேசையில். முதலில் போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டோம். கெப்பாசிட்டர் உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றி வைத்தால் வெடிக்கும். பழைய ஈயத்தை உருக்கக் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, ஒவ்வொரு காலாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். இரும்பு சூடு பட்டதும் ஒழுகின திரவம் ஆவியாகி வீடு முழுக்க மீன் வாடை. மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணியார் உள்ளேயிருந்து ஓடிவந்தார்கள். "சைவ வீட்டுல என்னய்யா பொரிக்கிறீங்க?" விஷயத்தைச் சொன்னோம். அண்ணியார் அந்தச் சின்னப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்புறம் மெதுவாகக் கேட்டார்கள்: "அப்போ அந்தப் பிள்ளைய நீங்க எல்லாம்…?" முடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு பழைய டூத் பிரஷைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த பிரஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்து அரித்த இடத்தைத் தேய்த்துக் கழுவினோம். புது கெப்பாசிட்டரை வைத்து ஈயம் வைத்தோம். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பிளக் கால்களில் இரண்டு இடத்தில் ஈயம் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. அதையும் புதுசாக உருக்கிவிட்டோம். எல்லாம் முடித்து, காயவைத்து, விடியற்காலையில் வேனில் மாட்டி ஓட்டிப் பார்த்தால், முதல் திருப்பத்திலேயே விளக்கு மினுக்கியது. மூன்றாவது கியர்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு மனசு விட்டுப்போனது. இரண்டு நாள் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. பட்டறைக்காரர் சொன்னதுதான் சரியோ, நம்மால் ஆகாத வேலையோ என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர், "கியர்பாக்ஸ்தான்னு இருந்துட்டா நமக்கு நல்லதுல்ல, அந்தத் தம்பிகிட்டப் போய் நிக்க வேண்டாம்" என்று விளையாட்டாகச் சொன்னார். சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். ஏன் என்றால் எங்கள் எல்லார் மனசிலும் அது ஓரத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறந்தோம். இந்தத் தடவை பீப் சத்தம் வரும் மீட்டரை வைத்து, அரித்த இடத்தைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு கோட்டையும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொட்டுப் பார்த்தோம். மூன்றாவது கெப்பாசிட்டருக்கு நேர் கீழே ஓடிய ஒரு கோட்டில் சத்தம் வரவில்லை. மேலே பார்த்தால் பச்சை வார்னிஷ் நல்லாத்தான் இருந்தது. கீறிப் பார்த்தால் அடியில் செம்பு கறுத்துப் பொடியாக இருந்தது. சோலினாய்டுக்கு மின்சாரம் விடும் ட்ரான்சிஸ்டருக்குப் போகும் கோடு அது. தலைமுடி மாதிரி மெல்லிய வயர் ஒன்றை இரண்டு முனைக்கும் பற்றவைத்தோம். இதில் அவசரப்பட்டு ஒரு செம்பு வட்டத்தைப் பலகையிலிருந்து பெயர்த்தும் விட்டோம். அதற்கும் ஒரு வயர்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி. கோயில் வாசலில் சூடம் கொளுத்திவிட்டு வேனை எடுத்தோம். கியர் கம்பியை டி-க்கு இழுத்ததும், பிரேக்கை விட்டதும், வண்டி முன்னே பாய்ந்த விதத்திலேயே தெரிந்தது. முதல் கியர். அப்புறம் இரண்டு. மூன்று. நாலு. மேம்பாலம் ஏறி இறங்கி, சுற்றி வந்து மறுபடியும் ஏறினோம். விளக்கு மினுக்கவில்லை. ஒரு வாரம் வெயிலில் நிறுத்தி, அரிசி மூட்டை ஏற்றி, எல்லாவிதமாகவும் ஓட்டிப் பார்த்தோம். மினுக்கவே இல்லை.

வண்டி சரியானது பாதி வேலைதான்.

எடுத்த பழைய கெப்பாசிட்டர் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனோம். அவர் தூங்கி எழுந்து வந்தார். அவர் அம்மா தேநீர் வைத்தார்கள், பேசவில்லை. நடந்ததைச் சொன்னோம். பையை வாங்கித் திறந்து மோந்து பார்த்தார். லேசாகச் சிரித்தார். "இதுக்குத்தான் நான் மீன் வாங்குனேனா, அண்ணே?"

தப்பு எங்கள் மேல்தான், மன்னித்துவிடு தம்பி என்று கேட்டோம். அவர் பதில் சொல்வதற்குள் அவர் அம்மா சொன்னார்கள்: "கோயில்ல, எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. போன்லயும் போட்டீங்க. இப்ப வீட்டுக்குள்ள வந்து மன்னிப்புக் கேட்டா யாருக்குத் தெரியும்?"

அந்த அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. அதனால் ஆடி முதல் வெள்ளி பூஜை முடிந்ததும், அதே சந்நிதிக்கு நேராக நின்று, எல்லார் முன்னாலும் சொன்னோம். இன்றைக்கு இதே பக்கத்தில் எழுதுகிறோம்.

வேன் பழுதுக்கும் அந்தத் தம்பிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கவனக்குறைவாக ஓட்டவில்லை. கோயில் வண்டியில் மீன் ஏற்றவில்லை. கோளாறு என்ன என்பதை முதல் நாளே சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கேட்காதது நாங்கள். எங்கள் பழைய பதிவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பகிருங்கள்.

இனி கணக்கு. பழுதுபார்ப்பு நிதியாக வந்தது 1,860 வெள்ளி. கெப்பாசிட்டர் 6.40, ஈயம், ஃபிளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பின்னல் 18, ஆல்கஹால் 14. கியர் எண்ணெய் பழசாகிவிட்டது என்று அதையும் மாற்றினோம், 4 லிட்டர் 120. ஆகச் செலவு 158 வெள்ளி 40 காசு. மீதம் 1,701 வெள்ளி 60 காசு. ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன. கொடுத்தவர்கள் யாராவது திருப்பி வாங்க விரும்பினால் வெள்ளிக்கிழமை வந்து கூச்சப்படாமல் கேளுங்கள். மற்றதை வைத்து வேன் நிற்கும் இடத்துக்கு ஒரு கூரை போடலாம் என்று நினைக்கிறோம். வெயில் பட்டுத்தானே எல்லாம் ஆரம்பித்தது.

வீட்டில் பழைய ஆட்டோ கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கியர் மாறவில்லை, விளக்கு மினுக்குகிறது என்றால் உடனே கியர்பாக்ஸ் மாற்றக் காசு கட்டாதீர்கள். எண்ணெய் நிறம் பாருங்கள், வாசம் பாருங்கள். கோளாறு எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். சோலினாய்டு, வயர், பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கறுத்துக் கருகியிருந்தால் அது வேறு கதை, பட்டறைக்காரர் சொல்வதுதான் சரி. ஈயம் வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம், பழகினவரிடம் கொடுங்கள். புது வண்டிகள் பலவற்றில் இந்தப் பெட்டி கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். அது வீட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை.

அந்தத் தம்பி ஆடி இரண்டாம் வெள்ளி கோயிலுக்கு வந்தார். வேன் பக்கமே போகவில்லை. மடைப்பள்ளியில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினார். நாங்களும் சாவியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அன்னதானம் முடிந்து எல்லாரையும் ஏற்றும்போது, முன் சீட்டுப் பாட்டி ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பய எங்க? அவன் வந்து ஓட்டுனாத்தான் நான் ஏறுவேன். மீன் வாடைன்னு மொதல்ல சொன்னது நான்தானே." தம்பி கையைக் கழுவிவிட்டு வந்தார்.

வரும் வெள்ளியிலிருந்து வேன் வழக்கம் போல் சாயங்காலம் 6 மணிக்கு பிளாட்டுகளுக்கு வரும். வர முடியாமல் இருந்த பாட்டிமார்கள், தாத்தாமார்களுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து தகவல் சொல்லுங்கள். ஓட்டி வருபவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்